நேர்முகத் தேர்வும் கோட்டும் – கடிதம்

அன்புள்ள சார்,

நான் கணக்கியல் படித்தவன். ஒரு தணிக்கை நிறுவனத்தில் அடுத்த வாரம் நேர்முகத் தேர்வு. எங்கள் வீட்டில் இந்த மாதிரி அலுவலக வேலைக்குப் போகிற முதல் ஆள் நான்தான், கேட்க ஆள் இல்லை. கோட்டு இல்லாமல் போகாதே என்கிறான் ஒரு நண்பன். கோட்டெல்லாம் அலட்டல், சட்டையும் டையும் போதும் என்கிறான் இன்னொருவன். கறுப்பு அதிகாரத்தைக் காட்டும், நீலம் நம்பிக்கை தரும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். நல்ல உடை போட்டால் மூளையே கூர்மையாகும் என்று ஆராய்ச்சி இருக்கிறதாமே? தவணையில் ஒரு நல்ல கோட்டு வாங்கிவிடலாமா என்று பார்க்கிறேன். ஆனால் திறமையைப் பார்ப்பவர்கள் உடையைப் பார்க்கமாட்டார்கள் என்றும் தோன்றுகிறது. உங்கள் கருத்து என்ன?

எம்.

அன்புள்ள எம்.,

துணிமணி விஷயத்தில் என்னிடம் யோசனை கேட்டது என் வீட்டில் தெரிந்தால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆனால் ‘கேட்க ஆள் இல்லை’ என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்களே, கொஞ்ச நாளாக என் மண்டையில் ஓடிக்கொண்டிருப்பதும் அதுதான். அதனால் எழுதுகிறேன்.

முதலில் சில்லறை விஷயங்களை முடித்துவிடலாம். நிறம் பற்றிய பேச்சை விட்டுத்தள்ளுங்கள். கருநீலமோ சாம்பலோ உங்களிடம் எது இருக்கிறதோ அதைப் போடுங்கள். மூளை கூர்மையாகும் ஆராய்ச்சி ஒன்று 2012-ல் வந்தது உண்மைதான். டாக்டர் கோட்டு என்று சொல்லி ஒரு வெள்ளைக் கோட்டை மாட்டிவிட்டால் கவனம் கூடுகிறது என்றார்கள், உலகமே எடுத்துக் கொண்டாடியது. பிறகு வேறு சிலர் அதில் ஒரு சோதனையை இன்னும் அதிகம் பேரை வைத்துத் திரும்பச் செய்தார்கள், 2019-ல் முடிவு வந்தது, அந்த விளைவைக் காணோம். ஆக, கோட்டு உங்களுக்காக யோசிக்காது.

தவணை? தம்பி, உங்களுக்கு என்ன ஆயிற்று? கணக்கு படித்தவர்தானே! வராத சம்பளத்தை நம்பி, ஒரே ஒரு காலை வேளைக்காகக் கடன் வாங்குகிற ஒருவரை எந்தத் தணிக்கை நிறுவனம் நம்பிக் கணக்குப் புத்தகத்தைக் கொடுக்கும்? நண்பனிடம் இரவல் வாங்குங்கள். தோள்பட்டை மட்டும் சரியாக உட்கார்ந்தால் போதும். கை நீளத்தையும் இடுப்பையும் எந்தத் தையல்காரரும் பிடித்துக் கொடுத்துவிடுவார், தோளில் மட்டும் லேசில் கை வைக்க முடியாது. நண்பன் சம்மதித்தால்தான், சொல்லிவிட்டேன்.

இப்போது அந்தக் கடைசி வரிக்கு முந்தைய வரி. திறமையைப் பார்ப்பவர்கள் உடையைப் பார்க்கமாட்டார்கள். இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள் உங்களுக்கு? பார்ப்பார்கள், பார்க்கிறோம் என்று தெரியாமலேயே பார்ப்பார்கள், கெடுதல் முழுக்க அங்கேதான் இருக்கிறது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2019 கடைசியில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே முகம், உடை மட்டும் வேறு. கந்தலும் இல்லை, ராஜ உடையும் இல்லை, ஒன்று கொஞ்சம் வசதியானவர் போடுவது போல, மற்றொன்று கொஞ்சம் வசதி குறைந்தவர் போடுவது போல, அவ்வளவுதான் வித்தியாசம். வசதியான உடையில் இருந்த முகமே திறமையான முகமாகப் பலருக்கும் தெரிந்திருக்கிறது. படத்தைக் காட்டியது சில தடவை ஒரு நொடியில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு நேரம்தான். உடையைக் கண்டுகொள்ளாதீர்கள் என்று சொல்லிப் பார்த்தார்கள், இந்த ஆளின் தொழிலும் வருமானமும் இதுதான் என்று எழுதியே காட்டினார்கள், சரியாகக் கணித்தால் பணம் என்றுகூட ஆசை காட்டினார்கள். அப்படியும் அந்தச் சாய்வு போகவில்லை. யோசித்துப் பாருங்கள், பார்த்தவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை.

ஒரு காலத்தில் நானும் ஒரு அலுவலகத்தில் ஆளெடுக்கும் குழுவில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பையன் வந்தான். அந்தத் தேர்வுக்கென்றே வாங்கிய கோட்டு என்று பார்த்தாலே தெரிந்தது. பதிலெல்லாம் கச்சிதம், தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னான். பேசி முடித்துவிட்டுத் திரும்பிக் கதவைத் திறந்தபோதுதான் அதைப் பார்த்தோம். கோட்டின் பின்பக்கம் கீழே ஒரு திறப்பு இருக்கும் அல்லவா, கடையில் தொங்கும்போது அது விரியாமலிருக்க வெள்ளை நூலில் பெருக்கல் குறி மாதிரி ஓட்டுத்தையல் போட்டிருப்பார்கள், வாங்கியதும் பிரித்துவிட வேண்டும். அவன் பிரிக்கவில்லை. பிரிக்க வேண்டும் என்று அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? என் பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். சிரித்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை, கையிலிருந்த தாளில் ‘தோற்றம்’ என்ற கட்டத்தில் குறைத்தார், அப்புறம் பேனாவை மேலே கொண்டுபோய் ‘முதிர்ச்சி’யிலும் ‘தலைமைப் பண்பு’ கட்டத்திலும் திருத்தினார். ஒரு நூலில் எங்கே ஐயா தலைமைப் பண்பு இருக்கிறது என்று கேட்டுச் சண்டை போட்டேன். பொதுவான அபிப்பிராயம் அப்படி என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். வேலை வேறொருவருக்குப் போனது.

தோர்ன்டைக் என்ற உளவியலாளர் 1920-லேயே இதை எழுதிவிட்டார். ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழே இருப்பவர்களுக்கு உடல்கட்டு, அறிவு, தலைமை, குணம் என்று தனித்தனியாக மதிப்பெண் போட வேண்டும். போட்டதைப் பார்த்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே ஏறி இறங்குகின்றன. ஆள் வாட்டசாட்டமாக இருந்தால் புத்திசாலியும் ஆகிவிடுகிறான். நூறு வருஷம் ஆகிவிட்டது, அந்தத் தாள் இன்னும் மாறவில்லை.

எனக்குக் கோபம் அந்தச் சிரிப்பின் மேல்கூட இல்லை. அழைப்புக் கடிதத்தில் மணி எத்தனை, எந்த மாடி, என்னென்ன சான்றிதழ் என்று எல்லாம் எழுதுகிறார்கள், எங்கள் அலுவலகத்தில் இன்ன உடையில் வருவோம், நீங்களும் அப்படியே வரலாம் என்று ஒரு வரி எழுத மாட்டார்கள். பாடத்திட்டத்தைச் சொல்லாமல் பரீட்சை வைப்பது மாதிரிதான் இது. யாருக்கு அந்தப் பாடம் முன்னாலேயே தெரியும்? அப்பாவோ அத்தையோ அந்த மாதிரி அலுவலகத்தில் இருந்த பிள்ளைக்கு. அவன் பனியனோடு போனாலும் யாராவது வாசலிலேயே பிடித்து நிறுத்தித் திருத்திவிடுவார்கள். உங்களுக்கு அந்த வாசலில் ஆள் இல்லை, அவ்வளவுதான். இதைத் தகுதி என்று வேறு சொல்லிக்கொள்கிறார்கள்.

முடியாத காரியமும் இல்லை. பாஸ்டன் சிம்பொனி இசைக்குழுவில் 1952-லேயே திரைக்குப் பின்னால் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லித் தேர்வு நடத்தினார்கள். பிறகு மற்ற குழுக்களும் பின்பற்றின. நடந்து வரும் ஓசையில் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடக் கூடாது என்று சில இடங்களில் கம்பளம் விரித்தார்கள், ஷூவைக் கழற்றச் சொன்னார்கள். தணிக்கை அலுவலகத்தில் திரை கட்ட முடியாதுதான், ஆனால் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, பதிலுக்குப் பதில் அங்கங்கேயே மதிப்பெண் போடலாமே. மனம்போனபடி அரட்டையடித்து ஆளெடுப்பதைவிட அப்படி எடுத்தவர்கள்தான் வேலையில் சோபிப்பார்கள் என்று 1998-ல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த பெரிய தொகுப்பாய்வும் சொன்னது, 2022-ல் அதே கணக்குகளைக் கறாராகத் திருத்திப் போட்டவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

சரி, இதெல்லாம் உங்களுக்கு அடுத்த வாரத்துக்கு உதவாது. நாளைக் காலை அந்த நிறுவனத்தின் எச்.ஆர். எண்ணைக் கூப்பிடுங்கள். “உங்கள் அலுவலகத்தில் வழக்கமாக எப்படி உடுத்துவார்கள், நான் எப்படி வரலாம்?” இவ்வளவுதான் கேள்வி. கூச்சப்படாதீர்கள், உள்விஷயம் தெரிந்த வீட்டுப் பிள்ளை இதைத்தான் சாப்பாட்டு மேசையில் கேட்கிறான், நீங்கள் போனில் கேட்கிறீர்கள். கோட்டு வேண்டாம் என்று சொன்னால் இஸ்திரி போட்ட சட்டையோடு போங்கள். வேண்டும் என்றால் இரவல் கோட்டு. முந்தின நாளே போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து பாருங்கள், பலரும் நின்றபடி கண்ணாடி பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள், அங்கே போனதும் உட்காரத்தானே வைப்பார்கள்.

இன்னொன்று. இவ்வளவு எழுதினீர்கள், வேலையைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த நிறுவனம் யார் யாருடைய கணக்கைத் தணிக்கை செய்கிறது? வங்கிகளா, ஆலைகளா? உங்களை எந்தப் பிரிவுக்கு எடுக்கிறார்கள்? இது தெரியாமல் எதைப் போட்டுக்கொண்டு போய் என்ன? அவர்கள் கையெழுத்துப் போட்ட ஆண்டறிக்கை ஏதாவது ஒன்றை எடுத்து இன்று இரவே படியுங்கள், தணிக்கையாளர் அறிக்கையையும் பின்னால் வரும் குறிப்புகளையும் விடாமல்.

ஷூ பற்றி நீங்கள் கேட்கவில்லை. புதுசு என்றால் இப்போதே வீட்டுக்குள் போட்டு நடக்க ஆரம்பியுங்கள். குதிகால் கடித்தால் மூஞ்சி கோணும், அதற்கும் அந்தத் தாளில் ஒரு கட்டம் வைத்திருப்பார்கள்.