அம்மாவின் கணுக்கால் கருமைக்கு

வணக்கம். வெரிகோஸ் வெயின் உள்ள உங்கள் அம்மாவுக்குக் கணுக்காலின் உட்புறம் தோல் கறுத்துவிட்டது, நிறம் வெளுக்கும் கிரீம் தடவியும் மாறவில்லை, அரிப்பும் சேர்ந்துகொண்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கிரீமை முதலில் நிறுத்திவிடுங்கள்.

இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் சிரைகளின் வால்வுகள் பழுதடைந்தால் இரத்தம் மேலே ஏறாமல் காலிலேயே தேங்கும். அழுத்தம் தாங்காமல் சிவப்பணுக்கள் நுண்குழாய்களிலிருந்து கசிந்து சிதையும். அவற்றின் இரும்பு தோலுக்கடியில் துருப்போலப் படியும். மேலே எதைப் பூசினாலும் கசிவு நிற்காது. கடையில் கிடைக்கும் சில கிரீம்களில் ஸ்டீராய்டு இருக்கும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து எளிதில் புண்ணாகும்.

இரத்தநாள மருத்துவரிடம் காட்டி டூப்ளெக்ஸ் ஸ்கேன் (இரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட்) எடுங்கள். எந்த வால்வு பழுது என்று அதில் தெரியும். தேவையானால் லேசர் மூலம் அந்தச் சிரையை அடைத்துவிடுவார்கள். அழுத்தக் காலுறையைத் தாமாக வாங்கி மாட்ட வேண்டாம், குறிப்பாகச் சர்க்கரை நோய் இருந்தால். காலுக்கு இரத்தம் கொண்டுவரும் தமனிகளில் ஓட்டம் சரிதானா என்று பார்த்த பிறகே அணியலாம். படுக்கும்போது கால் இதயத்தைவிடச் சற்று உயரமாக இருக்கட்டும். அரிப்புக்கு மணமில்லாத ஈரப்பசைக் களிம்பு போதும், சொறியவிடாதீர்கள்.

நிறம் மங்கப் பல மாதங்கள் ஆகும். சுவடு முழுவதும் மறையாமலும் போகலாம். அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். தோல் பலகைபோல் இறுகினாலோ நீர் கசிந்தாலோ உடனே காட்டுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.