சர்ச் சவுண்டு, ஸ்லைடு, லைவ்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

திருநெல்வேலி பக்கம் ஒரு சிஎஸ்ஐ சர்ச்ல 15 வருசமா சவுண்டு மிக்சர் பக்கத்துல உக்காந்திருக்கேன், சம்பளம் கெடையாது, திட்டு மட்டும் உண்டு. கேளுங்க.

கேள்வி: அண்ணே, பாட்டு வரிய வீட்ல அடிச்சு கொண்டுவந்தா சர்ச் லேப்டாப்ல ஒரே குப்பையா தெரியுது, ஏன்?

பாமினிங்கிற பழைய தமிழ் ஃபான்ட்ல அடிச்சிருப்பீங்க. அதுல உள்ள இருக்கிறது இங்கிலீஷ் எழுத்துதான், மேல தமிழ் சட்டை போட்டிருக்கு, அந்த ஃபான்ட் இல்லாத லேப்டாப்ல சட்டை கழண்டுரும். ஒரே தடவ எல்லாத்தையும் யூனிகோடுக்கு (எந்த லேப்டாப்லயும் தமிழாவே தெரியுற முறை) மாத்திருங்க, கன்வெர்ட்டர் நெட்ல சும்மாவே கெடைக்குது. மாத்துனப்புறம் படிச்சுப் பாருங்க, கொம்பு அங்கங்க இடம் மாறி நிக்கும்.

கேள்வி: ஐயர் (எங்க சர்ச் பாதிரியார்) கீழ இறங்கி நடந்தாலே மைக் கூவுது, ஈக்வலைசர் (சத்தத்துல கனம், கீச்சு திருத்துற கருவி) வாங்கணுமா பிரதர்?

வேண்டாம். ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள்ள போயி திரும்ப ஸ்பீக்கர்லயே வருது, அதான் கூவல். ஸ்பீக்கர் பொட்டி ரெண்டையும் ஐயர் நடக்குற எடத்துக்கு முன்னாடி தள்ளி, சபையப் பாத்து வைங்க. பிரசங்க நேரத்துல கொயர் (பாடகர் குழு) மைக் எல்லாம் ம்யூட் (ஆறு மைக் சும்மா தொறந்தே கெடக்கும்). நான் பேடர் (மிக்சர்ல சத்தத்த ஏத்தி எறக்குற தள்ளு பட்டன்) ஓரத்துல டேப் ஒட்டி பேனாவால கோடு போட்டிருக்கேன், அதுக்கு மேல தள்ளக் கூடாது, அவ்வளவுதான் ட்ரெய்னிங். போன வருசம் அசனத்தன்னைக்கு (சர்ச் விருந்து) நான் பந்தி வேலைக்குப் போயிட்டேன், ப்ளஸ் ஒன் படிக்கிற பையன் அந்தக் கோட்ட வச்சே ஒத்தையில ஓட்டிட்டான்.

கேள்வி: லைவுக்கு மூணு கேமராவும் ஸ்விட்சரும் (கேமராவ மாத்தி மாத்திக் காட்டுற கருவி) வாங்கலாம்னு கமிட்டில சொல்றாங்க...

அத ஓட்ட ஞாயிறுதோறும் மூணு பேர் வருவாங்களான்னு முதல்ல கேளுங்க. ஒரு போன், ட்ரைபாட், மிக்சர்லருந்து சின்ன யூஎஸ்பி இன்டர்பேஸ் (மிக்சர் சத்தத்த போனுக்குள்ள அனுப்புற கருவி) வழியா சத்தம், படத்துக்கு 720பி தரம் போதும். வீட்ல படுத்திருக்கிற பாட்டி படம் மங்கலா இருந்தா பொறுத்துக்குவாங்க, பிரசங்கம் கேக்கலேன்னா ஆஃப் பண்ணிருவாங்க. யூடியூப்ல போன் லைவுக்கு 50 சப்ஸ்கிரைபர் வேணும், லைவ முதல் தடவ ஆன் பண்ண 24 மணி நேரம் வரைக்கும் ஆகலாம், அதனால சனிக்கிழம ராத்திரி ஆரம்பிச்சுட்டு என்னயத் திட்டாதீங்க.

கேள்வி: கரண்ட் போனா?

மிக்சருக்கும் லேப்டாப்புக்கும் மட்டும் யூபிஎஸ். ஆம்ப்ளிஃபயர் கடைசியா ஆன், முதல்ல ஆஃப்.

கேள்வி: சேனல் பாத்துக்கிட்ட தம்பி பெங்களூர் போயிட்டான், பாஸ்வேர்டும் கூடவே போயிருச்சு.

இனிமே சேனலுக்கு சர்ச் பேர்ல ஒரு மெயில் ஐடி, சர்ச் ஆபீஸ் நம்பர் குடுங்க. ஐயர் நம்பரும் வேண்டாம், அவருக்கும் டிரான்ஸ்ஃபர் வரும்ல. இப்போதைக்கு அந்தத் தம்பிய சண்ட போடாம கூப்பிட்டுக் கேளுங்க, ஓடிபி அவன் போனுக்குத்தான் வரும்.