பனியின் நிழல் நீலம்

வாசகர் கேள்வி – பதில்

நிலக்காட்சிப் புகைப்பட நூல்கள் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆஃப்செட் அச்சகத்தில் பிளேட் (அச்சுத் தகடு) போடும் பிரிவில் 31 வருடம் வேலை பார்த்தவன் நான். எந்தப் படத்தையும் முதலில் மைப்புள்ளிகளாகப் பார்த்துத்தான் பழக்கம். அதை மலையாகவும் ஆறாகவும் பார்க்கக் கற்றுக்கொண்டது அப்புறம்தான்.

கேள்வி: போனில் தேடினால் ஒரு நொடியில் ஆயிரம் மலைப் படங்கள் வந்துவிடுகின்றன. இதற்காகக் கனமான புத்தகம் ஒன்று எதற்கு? — கல்லூரி மாணவி

பதில்: ஆயிரம் படங்களும் ஆயிரம் பேர் எடுத்தவை. எது முன்னால், எது பின்னால் என்று யாரும் யோசித்து அடுக்கவில்லை. புத்தகத்தில் ஒரே ஆள், தான் வருடக்கணக்கில் எடுத்ததிலிருந்து ஐம்பதோ அறுபதோ பொறுக்கி, வரிசை போட்டுத் தருகிறார். அந்த வரிசைதான் எனக்கு முக்கியம்.

அமெரிக்கப் புகைப்படக்காரர் ராபர்ட் ஆடம்ஸ் 1974-இல் வெளியிட்ட ‘தி நியூ வெஸ்ட்’ என்ற நூலைச் சொல்கிறேன். அமெரிக்காவின் கொலராடோவில் ராக்கி மலைத்தொடரின் அடிவாரப் பகுதி. ஆளில்லாத புல்வெளியில் புத்தகம் தொடங்குகிறது. அடுத்து, அச்சில் வார்த்தது போல வரிசையாக எழும் புது வீடுகள். பிறகு நகரம். அதைத் தாண்டி அடிவாரக் குன்றுகள். கடைசியில்தான் மலை. மலையைப் பார்க்கும்போது அந்தக் கூரைகளும் சாலையோர விளம்பரப் பலகைகளும் நம் கண்ணை விட்டுப் போயிருப்பதில்லை. இதில் ஒரு படத்தைத் தனியாகப் போனில் பார்த்தால், ‘வெறும் வீடு, இதில் என்ன இருக்கிறது?’ என்று தள்ளிவிட்டுப் போய்விடுவீர்கள். ஆங்கில இலக்கியம் கற்பித்த பேராசிரியர் அவர். அழகில்லாத வீட்டுச் சுவரின் மேலும் மலையின் மேலும் ஒரே வெயில், ஒரே தெளிவோடு விழுவதை அவர் காட்டுகிறார். அந்த வீடுகளில் குடியிருப்பவர்கள் மேல் அவருக்குக் கொஞ்சமும் வெறுப்பில்லை என்பது, புத்தகத்தை மூன்றாம் முறை பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

கேள்வி: ஆசையாக வாங்குகிறேன், பத்து நிமிடத்தில் புரட்டி முடித்துவிடுகிறேன். எப்படித்தான் பார்ப்பது? — அலுவலகம் செல்பவர்

பதில்: முதல் தடவை பத்து நிமிடத்தில் புரட்டுவதில் தப்பே இல்லை. நானும் அப்படித்தான் செய்கிறேன். அதற்குப் பிறகு அலமாரியில் வைக்காதீர்கள். மேசையில் விரித்தே கிடக்கட்டும், நாளைக்கு ஒரு பக்கம் திருப்புங்கள். போகும்போதும் வரும்போதும் கண்ணில் படுவதே போதும். படவிளக்கத்தைக் கடைசியில் படியுங்கள். இடத்தின் பெயர் தெரிந்துவிட்டால் கண் ஓய்வெடுத்துக்கொள்ளும்.

நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். அந்த ஆள் எங்கே நின்றிருப்பார்? பாறை மேலா, இடுப்பளவு தண்ணீரிலா? பிறகு நான்கு மூலைகள். படத்தின் நடுவை யார் வேண்டுமானாலும் சரியாக எடுத்துவிடலாம், மூலைகளில்தான் கைத்திறன் தெரியும். எந்தக் கிளை பாதியில் வெட்டுப்படுகிறது, எந்தக் கல் முழுதாக உள்ளே இருக்கிறது என்பதையெல்லாம் யோசித்துத்தான் கேமரா நிற்கும் முக்காலியை அரை அடி நகர்த்தியிருப்பார்கள்.

கேள்வி: உங்கள் மனதுக்கு மிக நெருக்கமான நிலக்காட்சிப் புகைப்படக்காரர் யார்? — பள்ளி ஆசிரியை

பதில்: ஒருவர் பெயரைச் சொன்னால் இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். இருவரும் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் வாழ்ந்தவர்கள், இருவரும் போருக்குப் பிறகு ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்கள்.

மூத்தவர் ஓலேகாஸ் ட்ருகானாஸ், லித்துவேனியாக்காரர். தீவில் அணைகள் கட்டிய நீர்மின் ஆணையத்திலேயே வேலை பார்த்தார். விடுமுறை கிடைத்தால் படகைத் தூக்கிக்கொண்டு, தீவின் தென்மேற்கில் ஆள் நடமாட்டமில்லாத காட்டுக்குப் போய்விடுவார். அங்கே பெடர் ஏரி என்று ஒன்று இருந்தது. இளஞ்சிவப்பு மணலில் அகன்ற கரை கொண்ட ஏரி. 1967-இல் ஹோபார்ட் நகரைச் சுற்றிப் பரவிய காட்டுத்தீயில் அவருடைய வீடு எரிந்தது. வருடக்கணக்கில் எடுத்துச் சேர்த்த படங்கள் அத்தனையும் சாம்பல். அவர் என்ன செய்தார் தெரியுமா? அதே இடங்களுக்குத் திரும்பிப் போய் மறுபடி எடுக்கத் தொடங்கினார். ஏரியை மூழ்கடிக்கும் அணைத் திட்டம் வந்தபோது, அந்தப் படங்களைத் திரையிட்டு மக்களுக்குக் காட்டினார். அரங்குகள் நிரம்பின. ஆனாலும் ஏரி தப்பவில்லை, 1972-இல் அணை நீருக்குள் போய்விட்டது. அதே வருடம் ஜனவரியில், கார்டன் ஆற்றைப் படமெடுக்கப் போன இடத்தில் ட்ருகானாஸ் ஆற்றோடு போனார். அப்போது அவருக்கு 48 வயது.

அவரிடம் தொழில் கற்ற இளைஞர், லாத்வியப் பெற்றோருக்குப் பிறந்த பீட்டர் டோம்ப்ராவ்ஸ்கிஸ். குருவின் உடலைத் தேடிக் கண்டெடுத்தவரும் அவர்தான். அதன் பிறகும் அவர் அந்த ஆறுகளை விட்டு விலகவில்லை. பெரிய ஃபிலிம் போடும் லின்ஹாஃப் கேமராவையும் முக்காலியையும் முதுகில் சுமந்துகொண்டு வாரக்கணக்கில் நடந்தார். ஃபிராங்க்ளின் ஆற்றில் ராக் ஐலண்ட் பெண்ட் என்ற வளைவில் ஒரு காலையில் அவர் எடுத்த படம் ஒன்று உண்டு. கறுத்த பாறைத் தீவு, அதைச் சுற்றி வெள்ளை நுரை, பின்னால் காட்டை மூடிய பனிமூட்டம். அந்த ஆற்றிலும் அணை கட்டத் திட்டம் வந்தது. 1983 ஆஸ்திரேலியப் பொதுத்தேர்தல் நேரத்தில், அணையை எதிர்த்தவர்கள் இந்தப் படத்தைப் பத்திரிகைகளில் முழுப்பக்க வண்ண விளம்பரமாகப் போட்டார்கள். ஆட்சி மாறியது. அந்த ஜூலையில் நாட்டின் உச்ச அமைப்பான உயர் நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்புச் சொல்ல, அணை நின்றது. தேர்தலுக்கு வேறு காரணங்களும் இருந்தன, ஒரே படம் ஆட்சியை மாற்றியது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பாலோர் அந்த ஆற்றங்கரையில் கால் வைக்காதவர்கள். அந்த ஆறு அவர்களுக்கு ஒரு தாளில்தான் போய்ச் சேர்ந்தது. தாளில் மை ஏற்றிப் பிழைத்தவனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்லவே வேண்டாம்.

1996-இல் வெஸ்டர்ன் ஆர்தர் மலைத்தொடரில், படமெடுக்கப் போன இடத்திலேயே மாரடைப்பில் டோம்ப்ராவ்ஸ்கிஸ் இறந்தார். அவருடைய நூல் கிடைத்தால் பெரிய காட்சிகளோடு நின்றுவிடாதீர்கள். பாறை இடுக்கில் ஒரு செடி, கரை ஒதுங்கிய கடல்பாசி என்று காலடியில் கிடப்பதையும், மலையை எடுத்த அதே பொறுமையோடு எடுத்திருப்பார்.

கேள்வி: ஆன்சல் ஆடம்ஸ் இருட்டறையில் வானத்தைக் கறுப்பாக்கினார் என்று படித்தேன். அது ஏமாற்று இல்லையா? — புகைப்படம் பழகுபவர்

பதில்: இல்லை. கறுப்பு வெள்ளை நிலக்காட்சிகளுக்குப் பேர்போன அமெரிக்கர் ஆன்சல் (முன்பு சொன்ன ராபர்ட் வேறு ஆள்). அவரே அதை ஒளித்ததில்லை. நெகட்டிவ் இசையமைப்பாளர் எழுதிய ஸ்வரக்குறிப்பு, பிரிண்ட் அதன் கச்சேரி என்ற பொருளில் அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். பியானோ கற்று, இசைக்கலைஞராகவே வாழ நினைத்தவர் அவர்.

1927-இல் கலிஃபோர்னியாவில் யோசெமிட்டி பள்ளத்தாக்கின் ஹாஃப் டோம் பாறைக்கு எதிரே அவர் நின்றபோது கையில் படம் பதியும் கண்ணாடித் தட்டுகள் இரண்டே மிச்சம். ஒன்றை மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்தார். எடுத்ததுமே, தன் மனதில் இருக்கும் அந்தப் பாறையின் கம்பீரம் இதில் வராது என்று தோன்றிவிட்டது. கடைசித் தட்டைச் சிவப்பு ஃபில்டரோடு எடுத்தார். நீல வானம் கறுத்தது. நாம் இன்று பார்ப்பது அந்தப் படத்தைத்தான்.

1941-இல் நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரின் மேல் நிலா எழுந்ததைப் பார்த்துக் காரை நிறுத்தினார். ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. நிலாவின் ஒளி அளவு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது நினைவில் இருந்தது, அதை வைத்துக் கணக்குப் போட்டு ஒரு ஃபிலிமில் எடுத்தார். அடுத்த ஃபிலிமை எடுப்பதற்குள் கல்லறைச் சிலுவைகளின் மேல் இருந்த வெயில் போய்விட்டது. அந்த ஒரே நெகட்டிவிலிருந்து வாழ்நாள் முழுக்கப் பிரிண்ட் போட்டுக்கொண்டே இருந்தார். ஆரம்பகாலப் பிரிண்டுகளில் வானத்தில் மேகங்கள் தெரியும், பிற்காலத்தியவற்றில் வானம் கிட்டத்தட்ட முழுக் கறுப்பு. இரண்டையும் அடுத்தடுத்து அச்சிட்ட நூல் கிடைத்தால் விடாதீர்கள். எனக்குப் பழையதுதான் பிடிக்கும். அந்த மேகங்களில் அன்றைய மாலை இன்னும் மிச்சமிருக்கிறது.

கேள்வி: புத்தகத்தின் அச்சுத் தரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? — புத்தகம் சேர்ப்பவர்

பதில்: இது என் தொழில். முதலில் கறுப்பைப் பாருங்கள். மரநிழலும் பாறை இடுக்கும் ஒரே மொத்தைக் கறுப்பாக இருந்தால் அச்சு மோசம். நல்ல அச்சில் இருட்டுக்குள்ளும் ஏதோ தெரியும். கறுப்பு வெள்ளைப் படத்தை ஒரே கறுப்பு மையில் அடித்தால் அந்த ஆழம் வராது. அதனால் சாம்பல் மையில் இன்னொரு பிளேட் போட்டு இரண்டு ஓட்டமாக அடிப்பார்கள், இதற்கு டூடோன் என்று பெயர். உருப்பெருக்கி இருந்தால் புள்ளிகளைப் பாருங்கள். அங்குலத்துக்கு 150 வரிசை என்பது சாதாரண வேலை. நல்ல புகைப்பட நூல்களில் 200, 300 வரை போவார்கள். பிறகு நடு மடிப்பு. இரண்டு பக்கத்துக்கும் பரவிய படத்தில் மலையுச்சியோ நிலாவோ மடிப்புக்குள் விழுந்திருந்தால், அந்த நூலை வடிவமைத்தவருக்குப் படத்தின் மேல் அக்கறை இல்லை என்று அர்த்தம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பனிமலைப் படத்துக்கு நாங்கள் புரூஃப் (சோதனை அச்சு) எடுத்தோம். பனியில் விழுந்த நிழல் நீலமாக இருந்தது. தவறு என்று நினைத்து அந்த நீலத்தைக் குறைத்து, சுத்தமான சாம்பலாக்கினோம். படமெடுத்தவர் வந்தார். கோபப்படவில்லை. வெயில் படாத பனிக்கு மேலேயுள்ள வானம்தான் வெளிச்சம் தருகிறது, வானம் நீலம் என்றால் நிழலும் நீலம் என்று நிதானமாக விளக்கினார். அன்று இரவு முழுக்க மெஷின் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு ஃபாரமாக (பல பக்கங்கள் சேர்ந்த பெரிய அச்சுத்தாள்) பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அதுவரை வெள்ளைத் தாளில் எத்தனையோ பனி அடித்திருந்தும் எனக்கு அது தெரியாது.

கேள்வி: வண்ணமா, கறுப்பு வெள்ளையா? — பெயர் வேண்டாம் என்றவர்

பதில்: அமெரிக்கப் புகைப்படக்காரர் எலியட் போர்ட்டரின் படங்களைப் பார்த்த பிறகு இந்தக் கேள்வியை நான் விட்டுவிட்டேன். மருத்துவம் படித்து, ஹார்வர்டில் கற்பித்துக்கொண்டிருந்தவர், அதை விட்டுப் புகைப்படத்துக்கு வந்தார். கலை என்றால் கறுப்பு வெள்ளைதான் என்று பலர் நம்பிய காலத்தில் வண்ணத்திலேயே வேலை செய்தார். அமெரிக்காவில் அணை நீருக்குள் போன கிளென் கேன்யன் பள்ளத்தாக்கைப் பற்றிய அவர் நூல் 1963-இல் வந்தது. அதே வருடம்தான் அணையின் கதவுகளை மூடினார்கள். சிவந்த பாறையின் ஈரத்தில் நீல வானம் பிரதிபலிக்கும் அந்தப் பக்கங்களைக் கறுப்பு வெள்ளையில் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

கேள்வி: இந்த நூல்களில் மனிதர்களே இல்லையே, ஏன்? — இல்லத்தரசி

பதில்: பலர் வேண்டுமென்றே தவிர்க்கிறார்கள். பிரிட்டிஷ் புகைப்படக்காரர் ஃபே காட்வின் அப்படியில்லை. அவருடைய ‘அவர் ஃபர்பிடன் லேண்ட்’ நூலில் (1990) பிரிட்டனின் குன்றுகளோடு முள்வேலியும், உள்ளே வராதே என்ற பலகையும் சேர்ந்தே வரும். நடைப்பயணிகள் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர் அவர். மனிதர்கள் ஏன் அங்கே இல்லை என்ற உங்கள் கேள்வியைத்தான் அவரும் கேட்டார்.

கேள்வி: ஈரம் பட்டுப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டன. பிரிக்கலாமா? — ஓய்வுபெற்றவர்

பதில்: காய்ந்துவிட்டிருந்தால் இழுக்காதீர்கள், மேல்பூச்சோடு படமும் உரிந்து வந்துவிடும். ஆர்ட் பேப்பரில் அந்தப் பூச்சுதான் பசையாகிவிடுகிறது. இன்னும் ஈரமாக இருந்தால் இப்போதே பக்கம் பக்கமாகப் பிரித்து, இடையில் வெள்ளைத் தாள் வைத்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். தாளை அடிக்கடி மாற்ற வேண்டும். இனிமேல் பெரிய நூல்களை நிற்க வைக்காமல் படுக்க வையுங்கள். நிற்க வைத்தால் உள்தாள்களின் கனம் பைண்டிங்கைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும்.