முள் ஐம்பதை விட்டு விலகும்போது: மின்தொகுப்புக் குலைவுகள் பற்றிக் கேள்வி பதில்

மின்துறையில் 31 ஆண்டுகள் வேலை செய்தேன். அதில் பெரும்பகுதி பளு பகிர்வு மையத்தில், பாதிக்குப் பாதி இரவுப் பணியில் கழிந்தது. எந்த நிலையம் எவ்வளவு உற்பத்தி செய்வது, எந்தப் பாதை எவ்வளவு சுமப்பது என்று நொடிக்கு நொடி பார்த்துச் சரிசெய்யும் இடம் அது. வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஐயா, மின்சாரத்தைப் பெரிய அளவில் சேமித்து வைக்க முடியாது என்கிறார்கள். அப்படியானால் உற்பத்தி கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ உங்களுக்கு எப்படித் தெரியும்? (பள்ளி ஆசிரியை, மதுரை)

தேர் இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வடம் பிடிப்பவர் எத்தனை பேர் இருந்தாலும் தேருக்கு ஒரே வேகம்தான். நூறு பேர் திடீரென்று கையை விட்டால் மிச்சம் உள்ள எல்லோருக்கும் வேகம் குறையும். மின்தொகுப்பில், அதாவது எல்லா நிலையங்களையும் பாதைகளையும் ஒன்றாகப் பிணைத்த வலையில், அந்த வேகத்துக்குப் பெயர் அதிர்வெண். நம் நாட்டில் அது 50 ஹெர்ட்ஸ். தேவை கூடினால் முள் ஐம்பதுக்குக் கீழே இறங்கும், உற்பத்தி மிஞ்சினால் மேலே ஏறும். தூத்துக்குடியில் ஓர் அலகு, அதாவது மின்சாரம் எடுக்கும் ஓர் இயந்திரம், நின்றால் அந்த இறக்கத்தைக் காஷ்மீரில் இருக்கும் மீட்டரிலும் படிக்கலாம்.

இப்போது 49.90க்கும் 50.05க்கும் இடையில் வைத்திருப்பது விதி. நான் பணியில் சேர்ந்த காலத்தில் தென்மண்டலத் தொகுப்பு 48.5இல் ஓடிக்கொண்டிருந்தால், அன்றைய நாள் நல்லபடியாகப் போகிறது என்று நினைத்துக்கொள்வோம். மின்சாரத்தின் அதிர்வையே கணக்கு வைத்து ஓடும் சுவர்க் கடிகாரம் ஒன்று எங்கள் அறையில் இருந்தது. காலையில் அது எத்தனை நிமிடம் பின்தங்கியிருக்கிறது என்று பார்த்தே இரவுப் பணி எப்படிப் போயிற்று என்று சொல்லிவிடலாம்.

2012இல் வட இந்தியா முழுவதும் இருண்டதே, அது மாநிலங்கள் அளவுக்கு மீறி எடுத்ததால்தானே? (வணிகர், ஈரோடு)

பாதி சரி. அளவுக்கு மீறி எடுத்தார்கள்தான். ஆனால் அது மட்டும் காரணம் என்றால் அதிர்வெண் சரிந்து விழுந்திருக்க வேண்டும். ஜூலை 30 அதிகாலை, குலைவுக்குச் சற்று முன்பு, அதிர்வெண் 49.68. அன்றைய வழக்கத்துக்கு அது நோயே அல்ல.

நடந்தது வேறு. மேற்கு மண்டலத்திலிருந்து வடக்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் முக்கியப் பாதைகளில் ஒன்று பீனா–குவாலியர் 400 கிலோவோல்ட் பாதை. அதில் தனித்தனியாக ஓடும் இரண்டு கம்பித் தொகுதிகளில் ஒன்று தரம் உயர்த்தும் வேலைக்காக நிறுத்தப்பட்டிருந்தது. மற்றதன் மேல் பளு ஏறிக்கொண்டே போயிற்று. அதிகாலை 2.33க்கு அந்தப் பாதையும் துண்டித்துக்கொண்டது. இரண்டு மண்டலங்களும் பிரிந்தன. வடக்கு மொத்தமும் போயிற்று. மறுநாள் பகல் 1 மணிக்கு அதே பாதை, அதே விதமாக. இம்முறை வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் விழுந்தன. சுமார் 48,000 மெகாவாட். 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பரப்பு.

இதில் எனக்கு இன்றும் உறுத்துவது ஒன்று. இரண்டு நாளும் அந்தப் பாதையில் பழுதே இல்லை. மரம் சாயவில்லை, கம்பி அறவில்லை. பாதையைக் காக்கும் தூர ரிலே என்ற தானியங்கிக் கருவி என்ன செய்கிறது என்றால், மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்துப் பார்க்கிறது. கம்பி எங்காவது தரையைத் தொட்டால் மின்னழுத்தம் விழும், ஓட்டம் எகிறும், வகுத்து வரும் எண் சிறியதாகும். அந்த எண் ஒரு வரம்புக்குள் வந்தால் துண்டி என்று அதற்குச் சொல்லி வைத்திருக்கிறோம். அன்றைக்குப் பளு மிகுதியால் ஓட்டம் ஏறியது, மின்னழுத்தமும் தாழ்ந்திருந்தது. எண் வரம்புக்குள் நுழைந்துவிட்டது. ரிலே தனக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தது. எங்கள் தொழிலில் பேரிருள்கள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன: ஒவ்வொரு காவலாளியும் தன் வீட்டுக் கதவைச் சரியாகச் சாத்திக்கொள்ள, தெருவே வெளியில் நிற்கும்.

அப்போது தெற்கு தப்பியது எப்படி என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். அன்று நாம் மற்ற மண்டலங்களோடு நேர்மின்னோட்ட இணைப்புகளால் மட்டுமே தொடுக்கப்பட்டிருந்தோம். அந்த இணைப்பு மின்சாரத்தைக் கடத்தும், அதிர்வெண்ணைக் கடத்தாது. அவர்கள் தேர் வேறு, நம் தேர் வேறு. ஒடிசாவின் தால்ச்சரிலிருந்து கர்நாடகத்தின் கோலாருக்கு வரும் அப்படிப்பட்ட இணைப்பு வழியாகக் கிழக்கிலிருந்து வந்த மின்சாரம் நின்றது, அதிர்வெண் இறங்கியது, அதிர்வெண் குறைந்தால் தானாக வேலை செய்யும் ரிலேக்கள் சில ஃபீடர்களை (ஊர்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் பாதைகளை) வெட்டி மிச்சத்தைக் காப்பாற்றின. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியே நாமும் ஒரே தேரில் சேர்ந்துவிட்டோம்.

அப்படிச் சேர்ந்தது நல்லதா? தனியாக இருந்திருந்தால் பாதுகாப்புதானே? இதைக் கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா? (பொறியியல் மாணவி, கோவை)

கணக்கு கேட்ட ஒரே ஆள் நீங்கள்தான் அம்மா, மகிழ்ச்சி. சுழலும் இயந்திரங்களுக்குள் ஓர் ஆற்றல் இருக்கிறது. நீராவியை நிறுத்தினாலும், அந்தச் சுழற்சி மட்டுமே இயந்திரத்தின் முழுத்திறனைச் சுமார் 4 விநாடி தாங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உற்பத்தி இழப்பை ஐம்பதால் பெருக்குங்கள். ஓடும் இயந்திரங்களின் மொத்தத் திறனை இரண்டு மடங்கு நான்கால், அதாவது எட்டால் பெருக்கி, முதல் விடையை இதனால் வகுங்கள். அதிர்வெண் முதல் கணத்தில் இறங்கும் வேகம் கிடைக்கும்.

1,50,000 மெகாவாட் தொகுப்பில் 1,000 மெகாவாட் போனால் விநாடிக்கு 0.04 ஹெர்ட்ஸ். ஆளுநர் என்று நாங்கள் சொல்லும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகள் விழித்து எழ நிறைய நேரம் உண்டு. இதையே தனியாகப் பிரிந்து நிற்கும் 1,500 மெகாவாட் தொகுப்பில் வைத்து 500ஐ எடுத்துப் பாருங்கள்: விநாடிக்கு 2 ஹெர்ட்ஸுக்கும் மேல். அரை விநாடியில் 49க்குப் போய்விடும். சேர்ந்து இருப்பதில் சின்ன அடிகள் உறைக்காது. பெரிய அடி விழுந்தால் எல்லோருக்கும் விழும். நான் சேர்ந்திருப்பதன் பக்கம்தான்.

சூரியத் தகடுகளுக்குள் சுழல்வது எதுவும் இல்லை. அவை பெருகப் பெருக, உங்கள் வகுத்தலில் கீழே இருக்கும் எண் சுருங்கும். அந்த இடத்தை மின்கலங்களைக் கொண்டும் வேறு வழிகளிலும் நிரப்பத்தான் இப்போது உலகம் முழுவதும் பாடுபடுகிறார்கள். அதற்காக எல்லாப் பழியையும் இதன் மேல் போட்டுவிடாதீர்கள். 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டபோது, மின்னழுத்தம் மேலே மேலே ஏறி, அதனால் நிலையங்கள் ஒன்றன் பின் ஒன்றாகக் கழன்றுகொண்டன. உங்கள் சூத்திரத்தில் மின்னழுத்தம் என்ற சொல்லே இல்லை பாருங்கள். கணக்கிடம் நாம் எதைக் கேட்கவில்லையோ அதை அது சொல்லாது.

2020இல் எல்லோரும் ஒன்பது நிமிடம் விளக்கை அணைத்தோம். தொகுப்பு விழுந்துவிடும் என்று பயமுறுத்தினார்களே? (சேலம்)

ஏப்ரல் 5, இரவு 9 மணி. நான் ஓய்வு பெற்று வீட்டில் இருந்தேன். தெருவெல்லாம் மொட்டைமாடியில் அகல் ஏற்ற, நான் கைபேசியில் அதிர்வெண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டில் திட்டு விழுந்தது.

தேவை 12,000 முதல் 13,000 மெகாவாட் வரை குறையும் என்று முன்கூட்டியே மதிப்பிட்டிருந்தார்கள். குறைந்ததோ சுமார் 31,000. விளக்கை மட்டும் கணக்கிட்டார்கள். மக்கள் கையில் கிடைத்ததை எல்லாம் அணைத்துவிட்டார்கள். மதிப்பீடு இரண்டு மடங்குக்கும் மேல் தவறியும் தொகுப்பு நின்றது. ஏனென்றால் அந்த எண்ணை மட்டும் நம்பி யாரும் உட்காரவில்லை. 8.45க்குச் சுமார் 25,500 மெகாவாட் கொடுத்துக்கொண்டிருந்த நீர்மின் நிலையங்களை 9.10க்குள் 8,000க்கு இறக்கினார்கள், பிறகு உடனே ஏற்றினார்கள். அதிர்வெண் 49.70க்கும் 50.26க்கும் இடையிலேயே நின்றது. மதகை இத்தனை வேகமாகத் திருக நீர்மின்சாரத்தால்தான் முடியும். அனல் நிலையத்துக்கு அது கொதிக்கும் அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஓடுவது மாதிரி.

இவ்வளவு கணினிகள் இருந்தும் ஏன் முன்கூட்டியே கண்டுபிடிக்க முடிவதில்லை? (மென்பொருள் பணியாளர், சென்னை)

உங்கள் துறையே பதில் சொல்லட்டும் தம்பி. 2003 ஆகஸ்ட் 14, அமெரிக்காவின் ஒஹையோ. கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மணி எழுப்பும் மென்பொருள் பகல் இரண்டேகால் மணியளவில் உறைந்து நின்றுவிட்டது. அது நின்றுவிட்டது என்று சொல்ல இன்னொரு மணி இல்லை. வெயிலில் தொய்ந்த 345 கிலோவோல்ட் கம்பிகள் ஒன்றன் பின் ஒன்றாக மரங்களில் உரசித் துண்டித்துக்கொண்டிருக்க, அறையில் இருந்தவர்கள் திரை அமைதியாக இருப்பதைப் பார்த்து ஊர் அமைதியாக இருப்பதாக நினைத்தார்கள். வெளியிலிருந்து தொலைபேசியில் சொன்னவர்களை நம்பவும் தயங்கினார்கள். பக்கத்து ஒருங்கிணைப்பு மையத்தில் தொகுப்பின் நிலையைக் கணித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று உண்டு. அதைப் பழுது பார்த்தவர், தானாக ஓடவைக்கும் விசையைத் திரும்பப் போட மறந்து மதிய உணவுக்குப் போய்விட்டார். மாலை நாலேகாலுக்குள் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் இல்லை.

சிரிக்க எனக்கு உரிமை இல்லை. ஓர் இரவு, ஒரு துணைமின் நிலையத்திலிருந்து வரும் பளு அளவு 212 மெகாவாட் என்று நின்றது. நல்ல நிலையான பளு என்று குறிப்பேட்டில் எழுதினேன். அரை மணி கழித்தும் 212. பளு ஒருபோதும் அப்படி நிற்காது. மூச்சு விடுவது போல ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். தகவல் தடம் செத்துப்போய்க் கடைசி எண் மட்டும் திரையில் ஒட்டிக்கொண்டிருந்தது. தொலைபேசியில் கூப்பிட்டால், அங்கே மின்மாற்றி டிரிப் ஆகி இருபது நிமிடம் ஆகிவிட்டது. அன்றிலிருந்து, ஆடாத எண்ணைக் கண்டால் எனக்கு ஆடும் எண்ணைவிட அதிக பயம்.

இப்போது ஜிபிஎஸ் நேரத்தோடு பிணைத்து விநாடிக்கு 25 முறை அளக்கும் கருவிகளைத் துணைமின் நிலையங்களில் வைத்திருக்கிறார்கள். பழைய முறையில் சில விநாடிக்கு ஒரு முறைதான் எண் வரும்; இரண்டு எண்களுக்கு நடுவில் ஒரு பெரிய ஊசலாட்டமே வந்து போயிருக்கும். புதிய கருவி அதைப் படமாகவே வரைந்து காட்டுகிறது.

செயற்கை நுண்ணறிவு இனிப் பேரிருளை நாள் குறித்துச் சொல்லிவிடுமா?

சொல்லாது என்றே நினைக்கிறேன். காற்றாலை நாளை எவ்வளவு கொடுக்கும், மாலைத் தேவை எவ்வளவு என்பதை நன்றாகவே சொல்லும். ஆனால் பேரிருள் அடிக்கடி வருவதில்லை. ஒவ்வொன்றும் வேறு விதமாக வருகிறது. கற்றுக்கொள்ளப் பாடம் போதாது. டாப்சன், கரேராஸ், நியூமன் என்ற மூவர் வட அமெரிக்கப் பதிவுகளை ஆராய்ந்து, மிகப் பெரிய இருட்டடிப்புகள் நாம் எதிர்பார்க்கும் அளவுக்கு அரிதானவை அல்ல என்று காட்டினார்கள். சிறு குலைவுகளைத் தடுத்துக்கொண்டே போனால் மிச்சமாகும் இடத்திலும் பளுவை ஏற்றிவிடுகிறோம், தொகுப்பு மறுபடி விளிம்புக்கே வந்து நிற்கிறது என்பது அவர்கள் வாதம். விரிவாக்கிய சாலையில் மறு வருடமே நெரிசல் வருவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

சூரியப் புயல் வந்தால் நம் ஊரும் இருளுமா? (திருநெல்வேலி)

1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் 90 விநாடியில் விழுந்தது சூரியப் புயலால்தான். சுமார் 9 மணி நேரம் இருட்டு. ஆனால் அது துருவத்துக்கு நெருங்கிய நாடு. நம் பக்கம் அந்த அளவுக்குத் தாக்கம் இராது. இருந்தாலும் நீங்கள் கேட்டது பொருத்தமான ஊரிலிருந்துதான். காந்த நடுக்கோடு, அதாவது பூமியின் காந்தப்புலம் தரைக்குக் கிடையாக இருக்கும் கோடு, உங்களுக்கு அருகில் போகிறது. அதன் மேலே வானில் பகலில் ஓடும் மின்னோட்டத்தை ஆராய இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது.

ஹேக்கர்கள் புகுந்தால்?

புகுந்திருக்கிறார்கள். 2015 டிசம்பர் 23, உக்ரைன். பணியாளர்களின் கண்ணெதிரே திரையில் சுட்டி தானாக நகர்ந்து, பாதைகளைத் துண்டிக்கும் விசைகளான பிரேக்கர்களைத் திறந்தது. சுமார் 2,25,000 வீடுகளுக்கும் கடைகளுக்கும் மின்சாரம் போயிற்று. சில மணி நேரத்தில் மீட்டார்கள். எப்படி என்றால், வண்டி எடுத்துக்கொண்டு துணைமின் நிலையங்களுக்கே போய்க் கையால் மூடினார்கள். கையால் மூடத் தெரிந்த ஆட்கள் அங்கே இன்னும் இருந்தார்கள்.

மின்சாரம் நீண்ட நேரம் போய் வந்தவுடன் மறுபடி உடனே போகிறதே, ஏன்? (இல்லத்தரசி, தாம்பரம்)

நீங்களும் நானும் சேர்ந்து செய்வதுதான். வழக்கமாக உங்கள் தெருவில் குளிர்பெட்டிகளும் ஏசிகளும் முறை வைத்ததுபோல ஒன்று ஓட ஒன்று நிற்கும். நான்கு மணி நேரம் மின்சாரம் இல்லாவிட்டால் எல்லாமே சூடேறி, வந்த நொடியில் எல்லாமே ஒன்றாக ஓடத் தொடங்கும். மேல்தொட்டி மோட்டாரும் சேர்ந்துகொள்ளும். மோட்டார் கிளம்பும்போது இழுப்பது ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு. ஃபீடர் தாங்காமல் டிரிப் ஆகும். அதனால்தான் முழு இருளிலிருந்து எழும்போது, வெளி மின்சாரம் இல்லாமலே கிளம்பக்கூடிய ஒரு நீர்மின் நிலையத்தையோ எரிவாயு நிலையத்தையோ முதலில் எழுப்பி, கொஞ்சம் பளு, கொஞ்சம் உற்பத்தி என்று படிப்படியாகக் கோத்துக்கொண்டு வருவோம். அந்த நேரத்தில்தான் அமைச்சர் அலுவலகத்திலிருந்து தொலைபேசி விடாமல் அடிக்கும்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மின்சாரம் போனதும் ஏசி, மோட்டார், தண்ணீர்ச் சூடேற்றி ஆகியவற்றின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். வந்து பத்து நிமிடம் கழித்து ஒவ்வொன்றாகப் போடுங்கள். கூடத்து விளக்கு ஒன்றை மட்டும் போட்டபடியே விட்டு வையுங்கள், மின்சாரம் வந்தது தெரிய வேண்டுமே.