கூண்டு இறக்காத துறைமுகம்

அண்ணனுக்கு வணக்கம்.

தடைக்காலம் முடிந்து போட்டுகள் கடலுக்குப் போன அன்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஐஸ் ஏற்றியது, டீசல் செலவு, வலை, இறால் வரத்து எல்லாம் இருந்தது. கரையில் நிற்கிற எங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு 46 வயது. தங்கச்சிமடம் பக்கம். வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குப் போகிறார். முந்தின வருஷம் எல்லை தாண்டியதாகச் சொல்லிப் பிடித்துக்கொண்டு போய், 2 மாதம் கழித்து விட்டார்கள். ஆள் நல்லபடியாக வந்துவிட்டார். மறுபடி தொழிலுக்கும் போகிறார். எனக்குத்தான் சரியாகவில்லை. அவர் கடலில் இருக்கிற ராத்திரி பொட்டுத் தூக்கம் கிடையாது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. இப்போது அவர் வீட்டில் படுத்திருக்கிற ராத்திரியிலும் 2 மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. பிரஷர் 150/100. டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, "டென்ஷன் ஆகாதீங்க" என்றார். மெடிக்கலில் கேட்டு ஒரு தூக்க மாத்திரையும் 4 மாதமாகப் போடுகிறேன். அக்கா ஏர்வாடி தர்காவுக்குப் போய்வரலாம் என்கிறாள். மகள் யோகா வீடியோ அனுப்புகிறாள். டென்ஷன் ஆகாமல் இருப்பது எப்படி என்று தெரிந்தால் நான் இருக்கமாட்டேனா அண்ணே?

பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கோபம் நியாயம்தான். அன்று படகுத்துறையில் நான் கடலைப் பார்த்து நின்றேன். நீங்களெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் நின்றிருப்பீர்கள். திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்துக்கொண்டது அந்த 2 மணி விழிப்பு. கணவர் பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார், உங்கள் உடம்பு மட்டும் எழுந்து உட்கார்ந்து அவரைத் தேடுகிறது. என் அம்மாச்சி நினைவுக்கு வந்தாள். 1964 டிசம்பர் 22 இரவு, தனுஷ்கோடி அழிந்த அந்த இரவில், ராமேஸ்வரத்தில் இருந்தவள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து, வாடைக் காற்று தொடங்கிவிட்டால் சேலைத் தலைப்பில் சாவியையும் காசையும் முடிந்துகொண்டுதான் படுப்பாள். கூரை ஓலை கொஞ்சம் படபடத்தால் போதும், எழுந்து வாசலில் நிற்பாள். "ஒண்ணுமில்ல, படு அம்மாச்சி" என்போம். "எனக்குத் தெரியுதுடா, இந்தக் காலுக்குத் தெரிய மாட்டேங்குது" என்பாள்.

பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதைப் பார்த்தே வளர்ந்தவர் நீங்கள். பகலில் கூண்டு, இரவில் விளக்கு. ஏற்றினால் படகெல்லாம் கரையேறும், தொழில் நிற்கும், ஊரே ஒரு வேலையில் இருக்கும். புயல் கடந்ததும் இறக்கிவிடுவார்கள். இறக்காமலே விட்டால் என்ன ஆகும்? புயல் இல்லை, ஆனால் யாரும் தொழிலுக்குப் போக முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக ஊர் பட்டினி கிடக்கும். மன அழுத்தம் உடம்பைக் கெடுப்பது ஏறக்குறைய இப்படித்தான்.

ஆபத்து என்று மூளை நினைத்த மாத்திரத்தில், சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிற அட்ரீனல் சுரப்பி வேலையைத் தொடங்குகிறது. முதலில் அட்ரீனலின். இதயம் வேகமாக அடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும், ரத்தம் கை கால் தசைக்கு ஓடும், வயிறு தன் வேலையைப் போட்டுவிட்டு நிற்கும். பின்னாலேயே அதே சுரப்பியிலிருந்து கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் வந்து ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். அலை புரட்டும்போது படகைப் பிடித்து நிற்க இதெல்லாம் வேண்டும். ஹான்ஸ் செல்யே என்பவர் 1936-இல் எலிகளை வைத்துப் பார்த்தார். குளிரில் போட்டாலும், ஓடவிட்டுக் களைக்கவைத்தாலும், எதையாவது ஊசியில் ஏற்றினாலும், எலியின் உடம்பில் நடந்தது ஒன்றுதான்: அட்ரீனல் வீங்கியது, நோய் எதிர்ப்புக்கான தைமஸ் சுருங்கியது, வயிற்றில் புண் வந்தது. காரணம் எதுவானாலும் உடம்புக்குத் தெரிந்த பதில் அது ஒன்றே என்றார் அவர்.

கார்டிசால் விடியும் நேரத்தில் உச்சத்தில் இருந்து, நடுச்சாமத்தில் அடங்கிக் கிடக்க வேண்டியது. மாதக்கணக்கில் கூண்டு ஏறியே இருந்தால் அந்தக் கணக்கு குழம்புகிறது. தூக்கம் அறுகிறது, பிரஷர் இறங்க மறுக்கிறது, சளி பிடித்தால் விடுவதில்லை, புண் ஆறத் தாமதமாகிறது. நோயாளியை வருஷக்கணக்கில் வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களின் கையில் சின்னக் காயம் உண்டாக்கி, மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆற 9 நாள் கூடுதலாக ஆனது.

சரி, இதைச் சொல்லிவிட்டு இதற்கு எதிராகவும் கொஞ்சம் பேச வேண்டும். எல்லாவற்றையும் டென்ஷன் தலையில் கட்டிவிடுவது நம் பக்கத்தில் பெரிய வியாதி. எனக்கு வயிற்றில் எரிச்சல் 6 வருஷம் இருந்தது. போன இடமெல்லாம் "ரொம்ப யோசிக்கிறீங்க, எழுதறவங்களுக்கு வர்றதுதான்" என்றார்கள். எனக்கும் அது கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. கடைசியில் ஒருவர் பரிசோதித்துப் பார்த்து, வயிற்றில் ஹெலிகோபாக்டர் பாக்டீரியா என்றார். 14 நாள் மாத்திரையில் போயே போனது. இதைக் கண்டுபிடித்த பாரி மார்ஷல், ஒருவரும் நம்பவில்லை என்று 1984-இல் அந்தப் பாக்டீரியாவைத் தானே குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டவர். 2005-இல் அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள். என் 6 வருஷப் பெருமை அத்தோடு முடிந்தது.

ஆகவே நீங்கள் முதலில் செய்ய வேண்டியது ரத்தப் பரிசோதனை. படபடப்பும் தூக்கக் கேடும் தைராய்டு கூடினாலும் வரும், ரத்தசோகை இருந்தாலும் படபடப்பு வரும். 46 வயது என்கிறீர்கள், மாதவிடாய் நிற்கப்போகிற காலத்திலும் ராத்திரி வியர்த்து விழிப்பு வரும். தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லி நீங்களே டாக்டரிடம் கேளுங்கள். தயங்க வேண்டாம்.

பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீர்கள். 'டென்ஷனால் வந்த பிரஷர்தானே' என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். எதனால் ஏறினாலும் ரத்தக்குழாய்க்கு அடி ஒன்றுதான். மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும், பெயர் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிரஷர் பார்க்கும்போது பஸ்ஸை விட்டு இறங்கி ஓடிவந்து கையை நீட்டக் கூடாது. 5 நிமிஷம் சாய்ந்து உட்கார்ந்து, கால் தரையில் படிய, பேசாமல் இருந்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் கருவாடு. நாள் முழுக்க ஒரு ஆளுக்கு 5 கிராமுக்குக் கீழே உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு டீஸ்பூன். வெந்நீரில் ஊறவைத்துக் கழுவினாலும் கருவாட்டில் உப்பு முழுசாகப் போகாது. நெத்திலிக் கருவாடு இல்லாமல் எனக்கும் சோறு இறங்காது, அதனால் விட்டுவிடுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. வாரத்தில் ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பயம் தருவது அந்தத் தூக்க மாத்திரைதான். சீட்டு இல்லாமல் கொடுத்தவர் செய்தது தப்பு. இந்த வகை மாத்திரைகளில் பல, சில வாரத்திலேயே உடம்பைப் பழக்கிவிடும். அப்புறம் அது இல்லாமல் தூக்கம் வராது, அதே அளவு போதவும் செய்யாது. இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரியே நிறுத்திவிடாதீர்கள். 4 மாதம் போட்டதைச் சட்டென்று விட்டால் படபடப்பு இரண்டு மடங்காகும், சிலருக்கு வலிப்புகூட வரும். அட்டையை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க அவர் வழி சொல்வார்.

இனி நீங்கள் கேட்ட கேள்வி.

லண்டனில் ஒரு பரிசோதனை செய்து 2016-இல் வெளியிட்டார்கள். 45 பேரை உட்காரவைத்து கணினியில் ஒரு விளையாட்டு. கல்லைப் புரட்ட வேண்டும், அடியில் பாம்பு இருக்குமா இருக்காதா என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டும். பாம்பு இருந்தால் கையில் சுள்ளென்று ஒரு ஷாக். எத்தனை கல்லில் பாம்பு என்பதை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். வியர்வையையும் கண்மணி விரிவதையும் அளந்தார்கள். கட்டாயம் ஷாக் அடிக்கும் என்று தெரிந்த கல்லைப் புரட்டும்போது மனிதர்கள் அவ்வளவு பதறவில்லை. அடிக்கலாம், அடிக்காமலும் போகலாம், பாதிக்குப் பாதி என்கிற கல்லுக்குத்தான் உச்சமாகப் பதறினார்கள்.

உங்கள் வாழ்க்கை அந்தப் பாதிக்குப் பாதிக் கல். திங்கள், புதன், சனி டோக்கன் வாங்கிக் கொண்டு போட்டு போகிறது. மறுநாள் காலை வரை ஒரு தகவலும் கிடையாது. பிடிபட்டார் என்று தெரிந்தால் அழலாம், ஆபீஸ் ஆபீஸாக அலையலாம். வந்துவிட்டார் என்று தெரிந்தால் சோறு வடிக்கலாம். தெரியாத அந்த ராத்திரியில் செய்ய ஒரு வேலையும் இல்லை, அந்தச் சும்மா இருப்பதைத்தான் உடம்பு தாங்கமாட்டேன் என்கிறது. இதற்கு மனசை லேசாக வைத்துக்கொள் என்பது வைத்தியமே இல்லை. எல்லையையும் டீசல் விலையையும் நீங்கள் மாற்ற முடியாது, தெரியாத நேரத்தை மட்டும் கொஞ்சம் வெட்டிச் சுருக்கலாம்.

என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பெண் செய்வதைச் சொல்கிறேன். அவருடைய கணவரின் போட்டில் 5 பேர். திரும்பும்போது செல்போன் சிக்னல் கிடைத்த உடனே ஓட்டுநர் ஒரே ஒரு போன் போடுவார், அதுவும் அந்தப் பெண்ணுக்கு மட்டும். பேசுவதுகூட இல்லை, மிஸ்டு கால். அவர் மற்ற நாலு வீட்டுக்கும் சொல்லிவிடுவார். வழக்கமாக போன் வருகிற நேரத்துக்கு மேல் 2 மணி நேரம் சேர்த்து ஒரு நேரம் குறித்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால்தான் விசாரிப்பது. அதற்கு முன்னால் யாரும் யாருக்கும் போன் போடக் கூடாது, வாட்ஸ்அப்பில் வருகிற வாய்ஸ் மெசேஜைக் கேட்கவும் கூடாது. "அந்த நேரம் வரைக்கும் எனக்குக் கவலைப்பட டூட்டி இல்லண்ணே" என்றார். முன்பு விடிய விடிய டிவியில் ஓடுகிற செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தவர். இப்போது முழுசாகத் தூங்குகிறார் என்று சொல்லமாட்டேன், 4 மணி நேரம் தூங்குகிறார்.

விழிப்பு வந்த அந்த 2 மணிக்குச் செய்ய ஒன்று. பாசி எடுக்கப் போகிற பெண்கள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடித்து முங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முகம் தண்ணீருக்குள் போய் மூச்சும் நின்றால் இதயம் தானாக வேகத்தைக் குறைக்கும். கடல்வாழ் மிருகங்களிடம் இருக்கிற அதே ஏற்பாடு நமக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. பானைத் தண்ணீரைச் சட்டியில் ஊற்றி, 10 எண்ணும் வரை முகத்தை அமிழ்த்தி எடுங்கள். இதயக் கோளாறு இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகு மட்டும். அதுவரை மூச்சு போதும்: 4 எண்ணி இழுத்து, 6 எண்ணி விடுவது, ஒரு 5 நிமிஷம். விடுகிற மூச்சு நீளமாக இருந்தால் இதயம் அடங்கும். மகள் அனுப்பும் வீடியோவிலும் பாதி இதுதான் இருக்கும், அதனால் அவளைத் திட்டாதீர்கள்.

நெஞ்சில் வலியோ அழுத்தமோ வந்தால் இதெல்லாம் செய்துகொண்டு உட்காரக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும். ஜப்பானில் பேய்க்கணவாய் பிடிக்க ஒரு மண்பானை வைத்திருக்கிறார்கள், வாய் குறுகி அடி பெருத்தது. பெயர் டகோட்சுபோ. திடீர் துக்கமோ அதிர்ச்சியோ தாக்கும்போது சிலருக்கு இதயத்தின் இடது கீழறை அந்தப் பானை மாதிரியே உப்பிவிடுகிறது என்று 1990-இல் அங்கே கண்டறிந்து, அதே பெயரை வைத்தார்கள். பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வருகிறது. அநேகம் பேருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். ஆனால் அது மாரடைப்பா இதுவா என்று வீட்டில் இருந்துகொண்டு யாராலும் சொல்ல முடியாது.

அக்கா ஏர்வாடிக்குக் கூப்பிட்டால் போய்வாருங்கள். கூட்டத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டு வருவதில் ஒரு தப்பும் இல்லை. தர்காவைக் குறை சொல்ல என்னால் ஆகாது. ஆனால் 2001 ஆகஸ்ட் 6 அன்று அந்த ஊரில் ஒரு காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் கருகிப்போனதை மறக்கவும் முடியாது. அதற்குப் பிறகுதான் அங்கே பிரார்த்தனையோடு மருந்தும் என்ற ஏற்பாடு வந்தது. நீங்களும் அப்படியே இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்தவரிடம் பேசக் கூச்சமாக இருந்தால் 14416, டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண். ராத்திரி 2 மணிக்கும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. உயிரை விட்டுவிடலாம் என்று ஒரு நொடி தோன்றினாலும் அதே எண்தான்.

உங்கள் வீட்டுக்காரரிடம் இன்றே அந்த மிஸ்டு கால் விஷயத்தைப் பேசுங்கள். புதன்கிழமை போட்டு போகுமே, வியாழன் காலை எத்தனை மணிக்குக் கால் வந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.