உடைந்த கண்ணாடிக்கு யாரைக் கேட்பது?

கேள்வி: எங்கள் ஊர் கொண்டை ஊசி வளைவில் வைத்திருந்த குவி கண்ணாடி உடைந்து மாதக்கணக்கில் ஆகிறது. போலீஸ் நெடுஞ்சாலைத் துறையைக் கை காட்டுகிறது, அவர்களோ போலீஸ் எழுதித் தரட்டும் என்கிறார்கள். யாரிடம்தான் போவது?
– ஒரு வாசகர், நீலகிரி

பதில்: கண்ணாடி, தடுப்புச் சுவர், எச்சரிக்கைப் பலகை எல்லாம் பொறியாளர் வேலை. வேகம், குடிபோதை, வளைவில் முந்துவது, ஏறி வரும் வண்டிக்கு வழிவிடாமல் இறங்குவது இதெல்லாம் போலீஸ் பாடு. மே மாத சீசனில் ஊட்டிக்குக் குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்க வைப்பார்களே, அதையும் வெயில் மழை பாராமல் நின்று நடத்துவது அவர்கள்தான்.

வம்பு நடுவில்தான். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள்; இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்து அது சூடேறிப் பிடிக்காமல் போனால், 'ஓட்டுநரின் அஜாக்கிரதை' என்று எழுதி முடித்துவிடுவது சுலபம், சரிவைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இப்போது விபத்தைப் போலீஸ் செயலியில் பதிந்தால் சாலைப் பொறியாளரும் இடத்தைப் பார்த்துத் தன் பங்கை நிரப்ப வேண்டும். நல்ல மாற்றம், ஒழுங்காக நிரப்பினால்! மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் வந்த 198ஏ பிரிவுப்படி, சாலை அமைப்பிலோ பராமரிப்பிலோ விட்ட குறையால் உயிர் போனால் பொறுப்பான அமைப்புக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

சரி, உங்கள் கண்ணாடிக்கு வருவோம். சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதா, ஊராட்சியுடையதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் போட்டோ, பக்கத்துக் கிலோமீட்டர் கல்லின் எண் இரண்டையும் சேர்த்து, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடமே மனு கொடுங்கள். மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவர் அவர், எஸ்.பி.யும் பொறியாளரும் ஒரே மேசையில் உட்காரும் இடம் அதுதான்.