போன் பேட்டரி சந்தேகங்கள்: சர்வீஸ் பெஞ்சிலிருந்து சில பதில்கள்

பேட்டரி பற்றி நிறைய கேள்விகள் வந்திருக்கின்றன. தினமும் போனைக் கழற்றி மாட்டுகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். எந்த மாடல் வாங்கலாம் என்று மட்டும் கேட்காதீர்கள், அது என் ஏரியா இல்லை.

கேள்வி: புது போன் அண்ணா. முதல் தடவை எட்டு மணி நேரம் சார்ஜ் போடணுமா?

வேண்டாம். அது பழைய நிக்கல் பேட்டரி காலத்துப் பழக்கம்.

கேள்வி: ராத்திரி முழுக்க சார்ஜில் விட்டால் பேட்டரி கெட்டுவிடுமா?

நிறைந்ததும் போன் தானே நிறுத்திக்கொள்ளும், அதனால் அளவுக்கு மீறி ஏறிவிடும் என்ற பயம் வேண்டாம். ஆனால் 100 சதவீதத்தில் நிற்கும் லித்தியம் அயான் செல்லின் (இப்போதைய போன் பேட்டரி இதுதான்) வோல்டேஜ் 4.2 அல்லது அதற்கு மேல், பல புதுப் போன்களில் 4.4-க்கு மேலேகூட இருக்கும். அந்த நிலையில் உள்ளே எலக்ட்ரோலைட் என்ற திரவம் மெல்லச் சிதைகிறது, லித்தியத்தைச் சேர்த்துவைக்கும் கிராஃபைட் முனையின் மேல் படலம் தடிக்கிறது, அதில் மாட்டிய லித்தியம் திரும்ப வேலைக்கு வராது. சூடு சேர்ந்தால் இதெல்லாம் இன்னும் வேகமாக நடக்கும். அதனால் தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடாதீர்கள். ஃபேன் காற்று படும் மேஜையில் வையுங்கள்.

கேள்வி: டெலிவரி வேலை சார். பைக் ஹேண்டிலில் மேப் ஓடும், கூடவே பவர் பேங்க். மத்தியானம் சூடு என்று சொல்லி சார்ஜ் ஏற மாட்டேன் என்கிறது.

உங்களுக்குத்தான் விரிவாகச் சொல்லணும். ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் வெளி வெப்பநிலையே 0 முதல் 35 டிகிரிதான். அக்னி நட்சத்திரத்தில் சென்னையில் நிழலிலேயே 40-ஐத் தொடுகிறது. அதில் நேர் வெயில், முழு வெளிச்சத்தில் ஸ்கிரீன், ஜிபிஎஸ், கூடவே சார்ஜ் ஏறும் சூடு! போன் சார்ஜை நிறுத்துவது கோளாறு இல்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. ஏரியா மேப்பை முன்னாடியே டவுன்லோடு செய்துவிடுங்கள். ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டி, வழியைக் குரலில் கேட்டுக்கொண்டு போனைச் சட்டைப்பையில் போடுங்கள். ஆர்டருக்காகக் காத்திருக்கும்போது நிழலில் சார்ஜ் போடுங்கள், தடிமனான கவரை அப்போது கழற்றிவிடுங்கள்.

கேள்வி: 80-ல் நிறுத்தச் சொல்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய பேட்டரியில் 20 சதவீதத்தை நானே ஒதுக்கினால், நாலு வருஷம் கழித்து வரும் நஷ்டத்தை இன்றைக்கே ஏற்றுக்கொள்வதுதானே?

நியாயமான கேள்வி. இரண்டு வருஷத்தில் போன் மாற்றுகிறவர் இதற்காக அலட்டிக்கொள்ள வேண்டாம். அந்தப் போனை அப்புறம் அம்மாவுக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் 80 நல்லது.

அவரே மறுபடியும்: அப்போ கம்பெனிக்காரன் ஏன் 100 வரை ஏற விடுகிறான்?

பயணம் போகிற நாளில் உங்களுக்கு 100 வேண்டும் என்பதால்! தினமும் மேஜைப் பக்கத்திலேயே சார்ஜர் இருக்கிறவருக்கு அது தேவையில்லை.

இடையில் இன்னொருவர்: அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் சார்ஜ் சைக்கிள் வீணாகுமே?

ஆகாது. சைக்கிள் என்பது மொத்தம் 100 சதவீதம் செலவாகும் ஒரு சுற்று: இன்று 50, நாளை 50 செலவானால்தான் ஒரு சைக்கிள். ஐபோன் 14 வரை 500 சைக்கிளிலும், 15-லிருந்து 1000 சைக்கிளிலும் 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும்படி வடிவமைத்ததாக ஆப்பிளே சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் போன்களுக்கு 800 சைக்கிளுக்குப் பிறகும் அதே 80 சதவீதம் மிஞ்சுவது கட்டாயம். நம் ஊரிலும் இப்படி ஒரு சட்டம் வரணும், மனதாரச் சொல்கிறேன்.

கேள்வி: நைட் சார்ஜ் போடலாமா?

மேலே இருக்கிறது.

கேள்வி: ஆப்களை எல்லாம் தள்ளி மூடினால் மிச்சமாகுமா?

ஆகாது. மறுபடி முதலிலிருந்து திறக்கத்தான் கூடுதல் செலவு.

கேள்வி: டார்க் மோடு?

அமோலெட் ஸ்கிரீனில் (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகை) மிச்சமாகும், பின்னால் விளக்கு எரியும் எல்சிடியில் ஆகாது.

கேள்வி: தூங்கும்போது சார்ஜில்...

மேலே படியுங்கள், ப்ளீஸ்.

கேள்வி: பின்மூடி ஒரு ஓரம் தூக்கியிருக்கிறது, நகம் உள்ளே போகிறது. போன் நன்றாகத்தான் ஓடுகிறது.

உடனே ஸ்விட்ச் ஆஃப் செய்யுங்கள். பேட்டரி வாயு சேர்ந்து உப்பியிருக்கிறது. அழுத்தி மூடாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், வீடியோ பார்த்து ஊசியால் குத்தவே குத்தாதீர்கள், தீப்பிடிக்கும். பேன்ட் பாக்கெட்டில் வைக்காமல் கையில் எடுத்துக்கொண்டு இன்றைக்கே கடைக்குப் போங்கள்.